ஆயில் மாற்றும்போது வெடித்த கிராங்க் கேஸ்: கடலூர், புதுச்சேரியில் ஆர்கான் வெல்டிங்குக்குக் காசு கொடுக்கலாமா?

இன்ஜின் அடியில் ஆயிலை வடிக்கும் டிரெயின் போல்ட்டைச் சுற்றி ஆயில் கசிகிறது. வாஷர் மாற்றியும் நிற்கவில்லை. நன்றாகத் துடைத்துப் பார்த்தால் கிராங்க் கேஸில், அதாவது இன்ஜினின் அடிக்கூட்டில், போல்ட் ஓட்டையிலிருந்து முடி கனத்தில் ஒரு கோடு ஓடுகிறது. 100 சிசி, 150 சிசி பைக்குகளில் ஆயில் சர்வீஸ் முடிந்த கையோடு வரும் கோளாறுகளில் பெரிய செலவு வைப்பது இதுதான். கடலூரில் செம்மண்டலம், திருப்பாப்புலியூர், முதுநகர் பக்கம் போனாலும், புதுச்சேரியில் தட்டாஞ்சாவடி, மேட்டுப்பாளையம் பக்கம் போனாலும் மூன்று வழிதான் சொல்வார்கள்: டியூப் பசை, ஆர்கான் வெல்டிங் (ஆர்கான் காஸின் பாதுகாப்பில் மின்பொறியால் உருக்கி ஒட்டுவது), புது கேஸ்.

பசையிலும் புது கேஸிலும் என்ன கிடைக்கும் என்பது வாங்கும்போதே தெரிந்துவிடும். வெல்டிங் அப்படியில்லை. அதே மெஷின், அதே காஸ், ஆள் மாறினால் வேலை மாறிவிடும். அதனால் இங்கே அதிகம் பேசப்போவது அதைப் பற்றித்தான். தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம்: இன்ஜினைப் பிரித்து வெறும் கேஸை மட்டும் கொண்டுவரச் சொல்லும் பட்டறைக்கு வேலையைக் கொடுங்கள். "வண்டியோட நிறுத்துங்க, அரை மணி நேரத்துல முடிச்சுடலாம்" என்கிற இடத்தில் கொடுக்காதீர்கள்.

முதலில் ஏன் வெடிக்கிறது என்று பார்த்துவிட வேண்டும், இல்லாவிட்டால் ஒட்டிய கேஸும் அடுத்த ஆயில் சர்வீஸில் அதே இடத்தில் வெடிக்கும். கிராங்க் கேஸ் டை காஸ்டிங் அலுமினியம், அதாவது உருக்கி அழுத்தத்தில் அச்சுக்குள் செலுத்தி வார்த்தது. இந்த வேலைக்குப் பரவலாகப் பயன்படும் ஏடிசி 12 கலவையில் சிலிக்கான் கிட்டத்தட்ட 10 முதல் 12 சதவீதம். அச்சில் நன்றாகப் பாயும், விலையும் குறைவு. ஆனால் இரும்பு மாதிரி இழுபட்டுக் கொடுக்காது, ஒரு அளவுக்கு மேல் போனால் நேராக உடையும். பெரும்பாலான சின்ன பைக்குகளில் 12 மில்லி டிரெயின் போல்ட்டுக்குக் கம்பெனி சொல்லும் இறுக்கம் 20 முதல் 30 நியூட்டன் மீட்டர்தான். நீளக் கைப்பிடி ரிங் ஸ்பேனரில் ஒரு ஆள் உடம்பு எடையைக் கொடுத்தால் அதைச் சுலபமாகத் தாண்டிவிடும். காற்றழுத்தத்தில் போல்ட் இறுக்கும் ஏர் கன் என்றால் கேட்கவே வேண்டாம்.

அவ்வளவு இறுக்குவதற்கு ஒரு காரணம் இருக்கிறது, அது பெரும்பாலும் வாஷர். டிரெயின் போல்ட் வாஷர் அலுமினியமோ செம்போ, ஒரு தடவை நசுங்கி மூடுவதற்காகச் செய்தது. பழையதையே திருப்பிப் போட்டால் லேசாகக் கசியும், கசிந்தால் இன்னும் கால் சுற்று, மறுபடி கசிந்தால் இன்னும் கால் சுற்று. மரை பாதி போன பிறகும் இறுக்கம் தொடரும். கடைசியில் போல்ட் தலைக்குக் கீழே இருக்கும் முகம் பிளந்து கோடு விடும். சில்லறை விலை வாஷரை மிச்சம் பிடித்ததில் கேஸ் போகிறது. வெள்ளத்துக்குப் பிறகு இந்தப் புகார் கூடுவதில் ஆச்சரியமில்லை. 2024 நவம்பர் 30-ல் ஃபெஞ்சல் புயல் வந்தபோது மாதிரி வண்டி தண்ணீரில் மூழ்கினால் ஆயில் பால் மாதிரி வெளுத்துவிடும், இரண்டு மூன்று தடவை அடுத்தடுத்து வடித்து மாற்ற வேண்டியிருக்கும். ஒவ்வொரு தடவையும் அதே பழைய வாஷர், அதே முரட்டு இறுக்கம்.

வேறு இரண்டு காரணங்களையும் மெக்கானிக்குகள் அதிகம் வெளியே சொல்ல மாட்டார்கள். ஒன்று, சைடு கவர் போல்ட்டுகளை இடம் மாற்றிப் போடுவது. கிளட்ச் கவரில் 6 மில்லி போல்ட் இரண்டு மூன்று நீளத்தில் வரும். நீள போல்ட் குட்டை ஓட்டைக்குள் போனால் அடியில் முட்டும், அதற்கு மேல் இறுக்கினால் போல்ட் ஏறும் தடித்த மேடான அந்தக் குமிழே பின்பக்கமாகப் பிய்த்துக்கொள்ளும். போல்ட்டுகளைக் கழற்றியதும் ஒரு அட்டையில் கவர் படம் வரைந்து அதே இடத்தில் குத்தி வைக்கிற ஆள் கையில் இது நடக்காது. இன்னொன்று, அடி மூடிய ஓட்டையில் ஆயில் தேங்கியிருக்கும்போது போல்ட்டை ஓட்டி இறுக்குவது. ஆயில் அமுங்காது, வெளியே போகவும் வழியில்லை. போல்ட் பிஸ்டனாகி ஓட்டையை உள்ளிருந்து பிளக்கும். காற்றடித்து ஓட்டையைக் காயவைக்க ஒரு நிமிடம் கூட ஆகாது. தேவனாம்பட்டினம், முதுநகர் மாதிரி கடலை ஒட்டிய இடங்களில் இன்னொரு தொல்லை சேரும்: உப்புக்காற்றில் இரும்பு போல்ட்டும் அலுமினியமும் சேர்ந்த இடம் வெள்ளைப் பொடி பூத்துப் பிடித்துக்கொள்ளும். சூடு காட்டாமல், ஊடுருவும் ஆயில் விட்டுக் காத்திருக்காமல் சுத்தியலால் தட்டினால் குமிழோடு வரும்.

கடைக்குப் போகும் முன் வெடிப்பு எங்கே இருக்கிறது என்பதை நீங்களே பாருங்கள். பெட்ரோலில் கழுவி, காயவைத்து, கறை ஊடுருவும் ஸ்பிரே அடித்துப் பார்ப்பதுதான் சரியான முறை: சிவப்பு மையை அடித்து 10 முதல் 20 நிமிடம் விட்டு, சுத்தமாகத் துடைத்துவிட்டு, வெள்ளை டெவலப்பரை அடித்தால் கோடு எங்கே முடிகிறது என்று சிவப்பாகக் காட்டிவிடும். ஸ்பிரே இல்லாத பட்டறையில் மண்ணெண்ணெய்யும் சாக்பீஸ் பொடியும் போதும். ஒரு பக்கம் மண்ணெண்ணெய் தடவி மறுபக்கம் சுண்ணாம்புப் பொடி பூசிக் கொஞ்ச நேரம் விட்டால் ஈரக்கோடு தெரியும். கண்ணுக்குத் தெரிகிற கோட்டை விட உண்மையான கோடு எப்போதும் நீளம்.

வெடிப்பு இருக்கும் இடம்தான் எல்லாவற்றையும் முடிவு செய்யும். சைடு கவர், மேக்னட் கவர், டிரெயின் போல்ட்டைச் சுற்றிய தொட்டிப் பகுதி: வெல்டிங் நிற்கும், தைரியமாகச் செய்யலாம். பேரிங் உட்காரும் குழிக்குள் கோடு நுழைந்திருந்தால் வேண்டாம். சூட்டில் குழி முட்டை வடிவமாகும், பேரிங் தளரும், பிறகு கிராங்க் சத்தம். இன்ஜினைச் சேசிஸோடு பிடிக்கும் மவுண்டிங் காது உடைந்திருந்தால் ஒட்டலாம், ஆனால் அதிர்வு முழுக்க அதன்மேல் விழுவதால் பக்கத்திலேயே மறுபடி விரிசல் வர வாய்ப்பு அதிகம். ஆயில் பம்ப்பிலிருந்து ஹெட்டுக்குப் போகும் வழியைத் தொடும் வெடிப்பை வெளியே மூடிவிட்டு உள்ளே விட்டால் கசிவு தெரியாது, ஆனால் ஆயில் அழுத்தம் போகும். இது மோசமான வகை.

இனி பசை. எம்-சீல் எல்லா ஹார்டுவேர் கடையிலும் கிடைக்கும், இரண்டு கட்டியையும் சம அளவில் எடுத்து ஒரே நிறம் வரும் வரை பிசைய வேண்டும். குழாய், தொட்டி, தகரம் ஒழுகலுக்கு அது நல்ல சாமான், இன்ஜினுக்கு அல்ல. ரோட்டில் நின்றுபோன வண்டியை வீடு சேர்க்க உதவும், அவ்வளவுதான். ஜேபி வெல்டின் ஒரிஜினல் வகை இன்னொரு தரம்: கறுப்பு டியூப் ஸ்டீல் பசை, சிவப்பு டியூப் ஹார்டனர், சம அளவு. 4 முதல் 6 மணி நேரத்தில் கெட்டிப்படும், முழுப் பலத்துக்கு 15 முதல் 24 மணி நேரம். கம்பெனி சொல்லும் வெப்பத் தாங்குதிறன் 550 டிகிரி ஃபாரன்ஹீட், அதாவது 287 டிகிரி செல்சியஸ். காற்றில் குளிரும் பைக்கின் ஆயில் இதன் பக்கத்தில்கூடப் போகாது. ஆக, சூட்டில் பசை போய்விடும் என்கிற பேச்சு தவறு. பசை போவது எண்ணெய்ப் பிசுக்கால். வெடிப்புக்குள் ஊறிய ஆயில் வெளியே வந்துகொண்டே இருக்கும், மேலே எவ்வளவு தேய்த்தாலும் ஒட்டும் முகத்தில் ஒரு படலம் நிற்கும். ஆயிலை வடித்து, 80 நம்பர் எமரியில் தேய்த்து, அசிட்டோனால் துடைத்து, ஹேர் டிரையரில் சூடாக்கி, கசிந்ததை மறுபடி துடைத்து, இதையே மூன்று நான்கு முறை செய்த பிறகுதான் பசை தடவ வேண்டும். சைடு கவரில் மெல்லிய கசிவுக்கு இப்படிச் செய்தால் ஜேபி வெல்ட் நீண்ட நாள் நிற்கும். டிரெயின் போல்ட் ஓட்டையில் நிற்காது. அங்கே ஒவ்வொரு ஆயில் மாற்றலிலும் போல்ட் இழுக்கிற இழுப்பு வெடிப்பைத் திறக்கப் பார்க்கும், பசையால் அதைப் பிடிக்க முடியாது. வேகமாக இறுகும் வகையின் பலம் இன்னும் குறைவு.

பசையின் பெரிய குற்றம் வேறு. "இப்போதைக்கு இதைத் தடவுவோம், நிற்கலேன்னா வெல்டிங்" என்று நினைத்துச் செய்தால் அந்த வெல்டிங்கையும் கெடுத்துவிடும். வெடிப்புக்குள் போன எபாக்ஸி எரிந்து கரியாகும், வெல்டில் குமிழி விழும். இன்டர்நெட்டில் விற்கும் குறைந்த சூட்டு அலுமினியம் ராடு, அதாவது காஸ் டார்ச்சில் உருக்கி ஊற்றும் துத்தநாகக் கலவை, இதைவிட மோசம். அந்தத் துத்தநாகம் கலந்த இடத்தில் பிறகு ஆர்கான் பிடிக்கவே பிடிக்காது. பசையா வெல்டிங்கா என்று முதல் நாளே முடிவெடுங்கள்.

மரை மட்டும் போயிருந்தால் ஹெலிகாயில், அதாவது ஓட்டைக்குள் புது மரையாகச் செருகும் கம்பிச் சுருள், நல்ல வேலை, வெல்டிங்கே வேண்டாம். ஆனால் 12 மில்லி போல்ட்டுக்கு ஹெலிகாயில் டேப் (மரை வெட்டும் கருவி) போட்டால் ஓட்டை 14 மில்லியை நெருங்கும். ஏற்கெனவே வெடித்த சுவரைச் சுற்றிலும் ஒரு மில்லி சுரண்டுவது போல. வெடிப்பு இருக்கிற கேஸில் நேரடியாக ஹெலிகாயில் அடித்துத் தருபவர் வெடிப்பைப் பார்க்கவில்லை, அல்லது பார்த்தும் சொல்லவில்லை. சரியான வரிசை இது: வெல்டிங்கில் ஓட்டையையே நிரப்பி, 12 மில்லி போல்ட்டில் 1.5 மில்லி இடைவெளி மரை என்றால் 10.5 மில்லி டிரில் போட்டு, புது டேப் எடுத்து, வாஷர் உட்காரும் முகத்தை ஓட்டைக்குச் செங்குத்தாக லேத்திலோ மில்லிங்கிலோ சீவ வேண்டும். கை டிரில்லில் சாய்த்துப் போட்டால் வாஷர் ஒரு பக்கம் மட்டும் நசுங்கும், கசிவு திரும்பும், பழைய கதை திரும்பத் தொடங்கும்.

வெல்டிங் பட்டறையில் என்ன நடக்க வேண்டும் என்பதற்கு வருவோம். கேஸ் வெறும் கேஸாக இருக்க வேண்டும்: பேரிங், ஆயில் சீல், இரு பாதியையும் நேராகச் சேர்க்கும் டோவல் முளை எதுவும் இல்லாமல். சாதாரண ரப்பர் சீல் 120 டிகிரிக்கு மேல் நிற்காது. முதலில் கழுவல், பிறகு 150 டிகிரி வரை சூடாக்கி வியர்க்கும் ஆயிலைத் துடைத்தல். தொடாமல் சூடு அளக்கும் ஐஆர் கன்னால் பார்த்தால் பளபளப்பான அலுமினியம் குறைத்துக் காட்டும், கறுப்பு மார்க்கர் பூசிய இடத்தில் பிடித்தால்தான் நம்பலாம். வெடிப்பின் இரு முனையிலும் இரண்டரை அல்லது மூன்று மில்லி ஓட்டை போட்டுக் கோட்டை அங்கேயே நிறுத்துவது அடுத்தது. இதை விட்டுவிட்டால் வெல்ட் ஆறும்போது சுருங்கும் இழுப்பில் கோடு முன்னே ஓடும். பிறகு கிரைண்டரில் அல்ல, சுழலும் பல்முனை கொண்ட பர் கட்டரிலோ உளியிலோ கோட்டை "வி" வடிவில் வெட்டித் திறக்க வேண்டும். கிரைண்டர் கல்லின் தூள் மென்மையான அலுமினியத்தில் புதைந்து வெல்டுக்குள் போகும். அலுமினியத்துக்கென்று தனியாக வைத்த ஸ்டெயின்லெஸ் பிரஷ்ஷில் தேய்ப்பது கடைசி.

மெஷின் ஏசி (மாறுதிசை மின்சாரம்) மோடில் இருக்க வேண்டும். அலுமினியம் உருகுவது 660 டிகிரி, அதன்மேல் இருக்கும் ஆக்சைடு தோல் உருகுவது 2,000 டிகிரிக்கு மேல். ஏசி மின்சாரம்தான் அந்தத் தோலைப் பிய்த்துக்கொண்டே போகும். டிசி (நேர்திசை மின்சாரம்) மட்டும் உள்ள மலிவு மெஷினில் ஸ்டெயின்லெஸ் கிரில் செய்யலாம், கேஸ் ஒட்ட முடியாது. ராடு எது என்று கட்டாயம் கேளுங்கள்: "அண்ணே, 4043-ஆ 4047-ஆ?" என்று கேட்டால் போதும், ஆள் எப்படிப்பட்டவர் என்று பதிலிலேயே தெரிந்துவிடும். 4043-ல் சிலிக்கான் 5 சதவீதம், 4047-ல் 12, இரண்டும் காஸ்டிங்குக்குப் பொருந்தும். 5356 மக்னீசியம் ராடு, தகடுக்கும் பைப்புக்கும் நல்லது, சிலிக்கான் நிறைந்த கேஸில் போட்டால் ஆறும்போது கோடு விடும். "எல்லாத்துக்கும் ஒரே ராடுதான் தம்பி" என்கிற இடத்திலிருந்து கேஸை எடுத்துக்கொண்டு கிளம்பலாம்.

ஒட்டும்போது கேஸை அதன் மறுபாதியோடோ ஒரு கனத் தகட்டோடோ போல்ட் போட்டு இறுக்கி வைக்க வேண்டும், இல்லையென்றால் சேரும் முகம் வளையும். ஒரே மூச்சில் ஓட்டாமல் இரண்டு இரண்டு சென்டிமீட்டராக ஒட்டி, இடையிடையே ஆறவிட வேண்டும். ஒட்டி முடித்ததும் தண்ணீரில் முக்குவது பல கேஸ்களைக் கெடுக்கிறது. மணலிலோ துணியிலோ பொதிந்து தானாக ஆறவிட வேண்டும். இதையெல்லாம் செய்தாலும் டை காஸ்டிங்குக்குள் அடைபட்ட காற்று வெளியே வந்து குமிழி போடும். நல்ல வெல்டர் முதல் வெல்ட் ஓட்டத்தில் குமிழி கண்டால் அதைக் குடைந்து எடுத்துவிட்டு மறுபடி ஓட்டுவார். முதல் ஓட்டே பளபளவென்று வந்துவிட்டது என்று யாராவது பெருமையாகச் சொன்னால் மேலே பூசிய பூச்சாக இருக்கலாம், வெட்டிப் பார்க்கச் சொல்ல முடியாதே தவிர சந்தேகப்படலாம்.

வண்டியோடு ஒட்டுவதை ஏன் இவ்வளவு எதிர்க்கிறோம் என்றால், வெல்டிங் மெஷினின் எர்த் கிளாம்ப்பைச் சேசிஸில் போட்டால் மின்சாரம் கிராங்க் பேரிங் வழியாகப் பாய்ந்து உருண்டைகளில் பொறி விழும். சத்தம் சில வாரம் கழித்துத்தான் வரும், யாரும் வெல்டிங்கோடு முடிச்சுப் போட மாட்டார்கள். 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பிஎஸ்6 (புதிய புகை விதி) வண்டியில் இன்ஜினைக் கட்டுப்படுத்தும் இசியூ கம்ப்யூட்டர், சென்சார் போகும் ஆபத்தும் சேரும். தலைக்கு மேலே பெட்ரோல் டேங்க் இருப்பதைச் சொல்லவே வேண்டாம். பிரித்துக் கொண்டுபோவதில் கூலி ஏறும், கேஸ்கெட் செட், சீல் செட், ஆயில் என்று செலவு வைக்கும். உண்மையில் வெல்டிங் கூலியைவிடப் பிரித்துப் பூட்டும் கூலிதான் அதிகம். அதனால்தான் வெல்டிங்கில் நூறு இருநூறு மிச்சம் பிடிப்பது அர்த்தமில்லாத வேலை: வெல்ட் தோற்றால் பெரிய கூலியை மறுபடி கொடுக்க வேண்டும்.

பம்ப்செட் டீசல் இன்ஜினின் வார்ப்பிரும்பு பிளாக் வேறு சமாச்சாரம். அங்கே நிக்கல் ராடு, சின்னச் சின்ன ஓட்டம், ஒவ்வொன்றுக்கும் பிறகு சுத்தியலால் மெல்லத் தட்டல், அல்லது சூடே காட்டாமல் ஊசி போட்டுத் தைப்பது போன்ற மெட்டல் ஸ்டிச்சிங். ஆர்கான் கடையில் அதைக் கொடுக்க வேண்டாம்.

புது கேஸ் வாங்குவதென்றால் புதுச்சேரியில் மலிவு என்று போவது வீண். 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்ததோடு அந்த வித்தியாசம் போய்விட்டது. 2025 செப்டம்பர் 22 முதல் உதிரிபாக வரி 28-லிருந்து 18 சதவீதமாகக் குறைந்தது, அது இரண்டு ஊருக்கும் ஒன்றுதான். சில மாடல்களுக்கு இரண்டு பாதியும் செட்டாகத்தான் வரும். இன்ஜின் நம்பர் அடித்த பாதி போயிருந்தால் கவனம்: புதுக் கேஸில் நம்பர் இருக்காது, டீலர் பில்லோடு ஆர்டிஓ அலுவலகத்தில் முறைப்படி சொல்லி ஆர்சியில் ஏற்றாமல் ஓட்டினால் இன்சூரன்ஸ் கிளைம் நேரத்தில் சிக்கும். பழைய இரும்புக் கடைக் கேஸை நம்பரோடு வாங்கிப் பூட்டுவது அதைவிடப் பெரிய வம்பு. வெல்டிங் செய்தாலும் நம்பர் அருகே கிரைண்டர் படக்கூடாது. வெல்டிங்கும் அதற்கான லேத் வேலையும் சேர்ந்து புது கேஸ் விலையில் பாதியைத் தாண்டினால் புதுசே வாங்குவது நல்லது.

வேலை முடிந்து வாங்கும்போது அங்கேயே நின்று பாருங்கள். சேரும் முகத்தைக் கனக் கண்ணாடித் தகட்டில் கவிழ்த்து 0.05 மில்லி ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) எங்கேயாவது நுழைகிறதா என்று சுற்றி வாருங்கள். நுழைந்தால் முகம் சீவாமல் வாங்காதீர்கள். உள்ளே மண்ணெண்ணெய் ஊற்றி வெளியே சாக்பீஸ் பூசி ஒரு மணி நேரம் வையுங்கள். புது போல்ட்டைக் கையாலேயே முழு நீளமும் ஓட்டிப் பாருங்கள், ஸ்பேனர் தேவைப்பட்டால் டேப் சரியில்லை. ஆயில் வழிகளில் கம்பி விட்டு, காற்றடித்து, டிரில் தூள் ஒன்றுகூட இல்லை என்று பார்த்த பிறகே பூட்ட வேண்டும். பூட்டும்போது புது வாஷர், இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச், அந்த மாடலுக்குக் கம்பெனி சொன்ன அளவு.

சர்வீஸ் செய்த இடத்திலேயே உடைத்திருந்தால் இந்தச் செலவு உங்களுடையதல்ல. ஜாப் கார்டையும் பில்லையும் பத்திரப்படுத்தி, வண்டியைக் கழுவும் முன்பே கசிவைப் போட்டோ எடுத்து, உடைந்த பாகத்தை அவர்களிடம் விட்டுவிடாமல் கையில் வாங்கிக்கொள்ளுங்கள். எழுத்தில் கேட்டும் மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதிலும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். சேவைக்குக் கொடுத்த தொகை 5 லட்ச ரூபாய் வரை என்றால் புகாருக்குக் கட்டணமே இல்லை, இரண்டு வருடத்துக்குள் கொடுத்தால் போதும். வெல்டிங் செய்துவிட்டால் உடைந்ததற்கான சாட்சி அழிந்துவிடும், ஆகவே போட்டோவும் மெக்கானிக் ஒருவரின் எழுத்துக் கருத்தும் வாங்கிய பிறகே கேஸைப் பட்டறைக்குக் கொண்டுபோங்கள்.